ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

"ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடுறான் பாரு!" என்று யாரையாவது கிண்டல் செய்தால் எல்லா ஊரிலும் சிரிப்பார்கள். விருத்தாசலத்துக்காரர்கள் மட்டும் கொஞ்சம் பெருமையோடு சிரிப்பார்கள். ஏனென்றால் அது அவர்கள் ஊர்க் கதை.

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே சுந்தரருக்கு இறைவன் 12,000 பொன் கொடுத்தார். அவ்வளவையும் சுமந்துகொண்டு திருவாரூர் போவது எப்படி? "மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்" என்று உத்தரவு. சுந்தரரும் போட்டார். கமலாலயக் குளத்தில் எடுத்தார். பெரியபுராணத்தில் வருகிற இந்தக் கதையில் பாதிப் பேர் மறந்துவிடுகிற ஒரு விஷயம் உண்டு. ஆற்றில் போடுவதற்கு முன்னால் சுந்தரர் அந்தப் பொன்னிலிருந்து கொஞ்சம் 'மச்சம்' வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது! பிறகுதான் பாடிச் சரிசெய்துகொண்டார். திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் என்று இன்றும் ஒரு பிள்ளையார் இருக்கிறார்.

கடவுளே டெலிவரி செய்தாலும் சரிபார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது கதையின் நீதி :-)

சரி, விஷயத்துக்கு வரலாம். இது விருத்தாசலத்தில் பொம்மை வார்க்கும் பட்டறை வைத்திருக்கும் ஒருவரின் மகளைப் பற்றியது. கம்ப்யூட்டர் படிக்கும் கடைசி வருட மாணவி. பெயர் வேண்டாம். அவள் எடுத்துக்கொண்ட ப்ராஜெக்ட்டின் தலைப்பு வாயில் நுழையாது: மைக்ரோசர்வீஸ்களுக்கான தானியங்கிப் பணித்திட்டமும் ஒருங்கிணைப்பும். தலைப்பைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். விஷயம் எளிமையானதுதான்.

விருத்தாசலத்தைப் பார்த்தவர்களுக்கு மைக்ரோசர்வீஸ் என்றால் என்னவென்று இரண்டே வரியில் சொல்லிவிடலாம். ஒரே கூரையின் கீழே மண் அரைப்பதில் ஆரம்பித்துப் பெட்டி கட்டுவது வரைக்கும் எல்லாம் நடந்தால் அது பெரிய ஆலை. மென்பொருளில் அதை மோனோலித் என்கிறார்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை அப்படி இல்லை. சின்னச் சின்னப் பட்டறைகள். ஒருவர் அகல்விளக்கு, ஒருவர் பொம்மை, ஒருவர் மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர். எல்லோரிடமும் சூளை இருக்காது. அடுத்தவர் சூளையில் கூலி கொடுத்துச் சுட்டுக்கொள்வார்கள். ஊரில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு டிப்ளமோ கல்லூரியும் உண்டு. இப்படிச் சின்ன வேலையைத் தனித்தனியாகச் செய்யும் நிரல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொண்டு சேர்ந்து ஒரு பெரிய வேலையை முடித்தால் அதுதான் மைக்ரோசர்வீஸ். 2014-இல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது.

இதில் லாபம் என்ன? ஒரு பட்டறை மூடினால் மற்றது ஓடும். கூட்டம் அதிகமான இடத்தில் மட்டும் ஆளைக் கூட்டலாம். நஷ்டம் என்ன? முழு வேலையும் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது!

அவளுடைய ப்ராஜெக்ட்டில் நான்கு சர்வீஸ்கள். ஒன்று ஆர்டர் வாங்கும், ஒன்று பணம் எடுக்கும், ஒன்று சரக்கை ஒதுக்கும், ஒன்று அனுப்பி வைக்கும். முதல் ரெவ்யூவுக்கு வந்த எக்ஸ்டர்னல் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு வேலை செய்தார். பணம் எடுத்த கையோடு, 'எடுத்துவிட்டேன்' என்ற பதில் திரும்புவதற்குள், அந்த சர்வீஸை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டார். பதில் வராததால் ஆர்டர் சர்வீஸ் மறுபடி கேட்டது. பணம் மறுபடி எடுக்கப்பட்டது. ஒரு பொருளுக்கு இரண்டு முறை காசு.

"இதை யாராச்சும் கடையில செஞ்சா சும்மா விடுவாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் வீட்டிலிருந்து போன். அப்பாவுக்கு வயிற்று வலி, குடல்வால் ஆபரேஷன், பத்து நாளாவது படுக்கை. நவராத்திரிக்கு ஏழு வாரம்தான் இருந்தது. பொம்மைப் பட்டறைக்கு வருடத்தின் காசு அந்த ஒரு சீசனில்தான். அவளுடைய அடுத்த செமஸ்டர் பீஸும் அதில்தான்.

ஊருக்குப் போய்ப் பட்டறையில் நின்றபோதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. அங்கே எல்லாம் இருந்தது. அச்சுகள் இருந்தன, மண்குழம்பு இருந்தது, பலகைகளில் பாதி காய்ந்த பொம்மைகள் வரிசையாக நின்றன. ஆனால் எந்தப் பலகை எந்த வியாபாரிக்கு, எது நாளைக்குச் சூளைக்குப் போக வேண்டும், எதற்கு அட்வான்ஸ் வந்திருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. அதெல்லாம் அப்பாவின் தலைக்குள் இருந்தது. அப்பாவோ மயக்க மருந்தில் இருந்தார்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே தலைவலிதான். ஒரு வேலை பத்துப் படிகளில் நடக்கிறது. நடத்துகிற கம்ப்யூட்டர் ஆறாவது படியில் நின்றுபோனால், மறுபடி எழுந்ததும் எங்கிருந்து தொடர்வது? முதலிலிருந்தா, ஏழிலிருந்தா? அதற்காகத்தான் ஒருங்கிணைப்பு எஞ்சின்கள் வந்தன. நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் கண்டக்டர் என்ற ஒன்றைத் திறந்த மூலமாக வெளியிட்டது. (2023 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் அதன் பராமரிப்பை நிறுத்தியது. இப்போது வெளியாட்கள் நடத்துகிறார்கள்.) அமேசானும் அதே 2016-இல் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் கொண்டுவந்தது. ஊபரில் கேடன்ஸ் என்ற எஞ்சினை உருவாக்கிய மக்சிம் ஃபதீவும் சமர் அப்பாஸும் 2019-இல் டெம்போரல் என்று தனிக் கம்பெனியே ஆரம்பித்தார்கள். வெளியே ஆயிரம் வித்தியாசம் இருந்தாலும் உள்ளே சங்கதி ஒன்றுதான். ஒவ்வொரு படி முடிந்ததும் அழியாத ஓர் இடத்தில் எழுதி வை. ஆள் மயங்கி விழுந்தாலும் அடுத்தவர் அந்த ஏட்டைப் பார்த்து அங்கிருந்து தொடரலாம்.

ஏடு இல்லாத பட்டறையில் என்ன நடக்கும் என்பதற்கு மூன்றே நாளில் பதில் வந்தது.

வெளியூர் வியாபாரி ஒருவர் அப்பாவின் செல்லுக்குக் கூப்பிட்டு, தசாவதாரம் நாற்பது செட் வேண்டும் என்றார். அம்மா எடுத்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது. அம்மா விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள், ஆனால் 'சரி' என்று அம்மா சொன்னது அவருக்குப் போய்ச் சேரவில்லை. அவர் என்ன செய்வார்? பட்டறையில் இருக்கும் மூத்த தொழிலாளிக்குக் கூப்பிட்டு, தசாவதாரம் நாற்பது செட் என்று மறுபடி சொன்னார். அவர் அன்றைக்கே வார்க்க ஆரம்பித்துவிட்டார். அம்மாவோ, பட்டறையில் இடமில்லையே என்று, சொந்தக்காரர் ஒருவரின் கொட்டகையில் கூலிக்கு வார்க்கக் கொடுத்துவிட்டாள்.

நாற்பது செட் எண்பதானது. ஒரு செட்டுக்குப் பத்துப் பொம்மை. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டகையிலிருந்து பதினைந்து செட் ஏற்கெனவே சுட்டு வந்துவிட்டது. மீதி இருபத்தைந்து செட் பலகையில் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் அவள் எண்ணிப் பார்த்தாள். முதலில் அழுகை வந்தது. பிறகு எக்ஸ்டர்னல் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அப்படியே அதே தப்பு! கேட்டவருக்குப் பதில் வரவில்லை, மறுபடி கேட்டார், வேலை இரண்டு முறை நடந்தது. அதில் வியாபாரியின் தப்பு ஒன்றுமில்லை. பதில் வராவிட்டால் மறுபடி கேட்கத்தான் செய்வார்கள். கேட்கிறவன் எத்தனை முறை கேட்டாலும் வேலை ஒரு முறைதான் நடக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது செய்கிறவனின் பொறுப்பு. அதற்கு ஒரே வழி, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நம்பர். அதே நம்பர் மறுபடி வந்தால், 'இது முன்னாடியே வந்துடுச்சு' என்று சொல்லத் தெரிய வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது. எப்படித் திருப்புவது?

இங்கேதான் மண் ஒரு பாடம் நடத்தியது. சுடாத பொம்மையை உடைத்துத் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி மண்குழம்பாகிவிடும். அந்த இருபத்தைந்து செட்டையும் மூத்த தொழிலாளி ஒரு வார்த்தை பேசாமல் தொட்டியில் போட்டார். வார்த்த கூலி போனது, மண் திரும்பி வந்தது. ஆனால் சூளைக்குள் போனது வேறு கதை. ஏறத்தாழ 600 டிகிரியைத் தாண்டிவிட்டால் களிமண்ணுக்குள் வேதியியலாகப் பிணைந்திருந்த தண்ணீரே வெளியேறிவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை வருடம் ஊறவைத்தாலும் அது மண்ணாகாது. அகழாய்வில் ஓடுகள் ஓடுகளாகவே கிடைப்பதற்குக் காரணமும் அதுதான். சுட்ட பதினைந்து செட்டைத் திருப்ப முடியாது. ஈடுதான் கட்ட முடியும். அம்மா இன்னொரு வியாபாரியைப் பிடித்து, விலையைக் குறைத்துக் கொடுத்தாள்.

ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987-இல் சாகாஸ் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நீண்ட நேரம் ஓடும் ஒரு பெரிய பரிவர்த்தனையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரி. ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுசெய்கிற ஒரு எதிர்ப்படியையும் எழுதி வை. நடுவில் கெட்டுப்போனால், முடிந்த படிகளின் எதிர்ப்படிகளைக் கடைசியிலிருந்து வரிசையாகச் செய்துகொண்டு வா. டேட்டாபேஸ்களுக்காக எழுதிய அந்த யோசனையைத்தான் இன்றைக்கு மைக்ரோசர்வீஸ் உலகம் பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுதிய கணக்கை அழிக்கலாம். ஆனால் அனுப்பிய மின்னஞ்சலை அழிக்க முடியாது, மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பத்தான் முடியும். ஆகவே திட்டம் போடும்போதே பார்க்க வேண்டியது: எந்தப் படி தொட்டிக்குத் திரும்பும், எந்தப் படி சூளை? சூளையை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, சரிபார்ப்பெல்லாம் முடிந்த பிறகு வைக்க வேண்டும்.

அன்று ராத்திரி அவள் ஒரு கட்டு அட்டைச் சீட்டு வாங்கி வந்தாள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நம்பர். ஒவ்வொரு பலகையிலும் அந்த நம்பரோடு ஒரு சீட்டு. வார்ப்பு, பிசிறு தட்டியது, காய்ந்தது, சூளை, வண்ணம், பெட்டி என்று ஆறு கட்டங்கள். முடிந்ததும் முடித்தவர் பேனாவால் ஒரு கோடு. சுவரில் ஒரு பழைய கரும்பலகை. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. ஆனால் யார் எப்போது வந்து பார்த்தாலும் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

இதுவரை வந்தது ஒருங்கிணைப்பு. தலைப்பில் இன்னொரு பாதி இருக்கிறதே, தானியங்கித் திட்டமிடல்?

அது இன்னும் பழைய விஷயம். 1971-இல் ரிச்சர்ட் ஃபைக்ஸும் நில்ஸ் நில்சனும் ஸ்ட்ரிப்ஸ் என்ற முறையை வெளியிட்டார்கள். ஷேக்கி என்ற ரோபோ தன் வேலையைத் தானே திட்டமிட வேண்டும் என்பதற்காக அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு விஷயம் சொன்னால் போதும். அதைச் செய்ய முன்னால் என்ன இருக்க வேண்டும்? செய்த பிறகு என்ன மாறியிருக்கும்? சுடுவதற்கு முன் பொம்மை காய்ந்திருக்க வேண்டும், சூளையில் இடம் இருக்க வேண்டும். சுட்ட பிறகு பொம்மை கெட்டியாகிவிடும், இடம் காலியாகிவிடும். 'நவராத்திரிக்குப் பத்து நாள் முன்பு சரக்கு வியாபாரி கையில்' என்று இலக்கைக் கொடுத்தால், எந்த வரிசையில் எதைச் செய்வது என்று நிரல் தானே தேடிக் கண்டுபிடிக்கும்.

தேடுவது சாதாரண வேலை இல்லை. பத்து ஆர்டரை எந்த வரிசையில் சூளைக்கு அனுப்புவது என்பதற்கு மட்டும் 36,28,800 வழிகள் இருக்கின்றன. ஆனால் இதற்குப் பின்தான் அது என்ற கட்டுப்பாடுகள் இருப்பதால் பல வழிகள் அடிபட்டுப்போகும். அந்தக் கட்டுப்பாடுகளை மீறாமல் வரிசைப்படுத்த ஆர்தர் கான் 1962-இலேயே ஒரு எளிய வழி சொல்லிவிட்டார். யாருக்காகவும் காத்திருக்காத வேலையை முதலில் எடு, முடித்ததும் அதற்காகக் காத்திருந்தவர்களை விடுவி, மறுபடி அதையே செய். ஏர்பிஎன்பியில் 2014-இல் பிறந்த ஏர்ஃப்ளோ போன்ற கருவிகளும் இதே மாதிரி சார்பு வரிசையைப் பார்த்துத்தான் வேலைகளை ஓடவிடுகின்றன.

அவள் லேப்டாப்பில் இதையெல்லாம் எழுதி ஓடவிட்டாள். முப்பத்தைந்து நாளுக்கான அட்டவணை வந்தது. ஒவ்வொரு பலகைக்கும் வார்க்கும் தேதி, காயும் நாட்கள், சூளைக்குப் போகும் தேதி. அழகாக இருந்தது. கரும்பலகையில் எழுதி வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் அப்பா மெதுவாக நடந்து பட்டறைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்தார். சீட்டுகளைப் பார்த்தார். நாற்பது எண்பதான கதையைக் கேட்டுச் சிரித்தார். தையல் வலித்ததால் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்குச் சூளைக்குப் போகவேண்டிய பலகைகள் வாசலில் தயாராக இருந்தன. அட்டவணைப்படி அவை காய்ந்து முடிந்திருக்க வேண்டும். அப்பா ஒரு பொம்மையை எடுத்துக் கன்னத்தில் ஒட்டி வைத்துப் பார்த்தார். இன்னொன்று. பிறகு மூன்றாவது.

"இது போகக் கூடாதும்மா."

"ஏம்பா? நாலு நாள் ஆயிடுச்சே. சீட்டுல பாருங்க."

"சீட்டு சரியாத்தான் இருக்கு. ரெண்டு நாளா மப்பா கெடந்துச்சே, வெயில் ஏது? மண்ணு காஞ்சிருக்கான்னு சீட்டுக்குத் தெரியாது பாப்பா. கன்னத்துக்குத்தான் தெரியும். வச்சுப் பாரு."

அவள் வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

உள்ளே ஈரம் இருந்தால் மேல்பரப்பிலிருந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்தக் குளிர்ச்சி. அப்படியே சூளையில் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் நீராவியாகி வழி கிடைக்காமல் பொம்மையை வெடிக்க வைத்திருக்கும். தனக்கு மட்டுமா? பக்கத்தில் இருக்கும் சரக்குக்கும் சேதம். அது அடுத்த பட்டறைக்காரரின் சரக்காகவும் இருக்கலாம். மொத்தத் திட்டத்திலும் அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. 'காய்ந்திருக்க வேண்டும்' என்ற நிபந்தனையை 'நான்கு நாள் ஆகியிருக்க வேண்டும்' என்று எழுதிவிட்டாள். நிலைமையைப் பார்க்க வேண்டிய இடத்தில் நாட்காட்டியைப் பார்த்தாள்.

இந்தத் தப்பை ஊர் உலகமே செய்கிறது. ஒரு சர்வீஸை ஓடவிட்டு, முப்பது விநாடி காத்திரு, அதற்குள் தயாராகியிருக்கும் என்று எழுதுவார்கள். பெரும்பாலான நாட்களில் தயாராகியிருக்கும். மப்பான நாளில் வெடிக்கும். 2014-இல் கூகுள் வெளியிட்ட குபெர்னெட்டிஸில், 'நீ தயாரா?' என்று ஒவ்வொரு சர்வீஸையும் அடிக்கடி கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு சோதனையை எழுதி வைக்கலாம். தயார் என்று பதில் வந்தால்தான் அதற்கு வேலை போகும். அதுதான் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. சுந்தரர் வெட்டி வைத்துக்கொண்ட மச்சமும் அதுதான்.

அன்றைய சூளை இடத்தை அப்பா இன்னொரு பட்டறைக்காரருக்கு விட்டுக்கொடுத்து, அவருடைய இடத்தை மூன்று நாள் தள்ளி வாங்கிக்கொண்டார். அவள் அட்டவணையை மறுபடி ஓடவிட்டாள். புதிய வரிசை சில விநாடிகளில் வந்தது. அப்பாவுக்கு அதில் ரொம்ப ஆச்சரியம். "நான்னா ஒரு ராத்திரி முழுக்க யோசிப்பேன்" என்றார். இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று தெரிந்திருந்தது. கன்னத்துக்குத் தெரிந்ததைக் கம்ப்யூட்டருக்குச் சொன்னால்தான், கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது கைக்கு உதவும்.

சரக்கு நவராத்திரிக்கு எட்டு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் தாமதம். வியாபாரி கொஞ்சம் முணுமுணுத்தார், ஆனால் காசைக் குறைக்கவில்லை. தள்ளி விற்ற பதினைந்து செட்டில் வந்த நஷ்டம் நஷ்டம்தான், அது திரும்பவில்லை. செமஸ்டர் பீஸ் கடைசித் தேதிக்கு முந்தின நாள் கட்டப்பட்டது.

இரண்டாவது ரெவ்யூவுக்கு அதே எக்ஸ்டர்னல் வந்தார். அதே மாதிரி நடுவில் சர்வீஸை நிறுத்தி ஓடவிட்டார். கேள்வி மறுபடி போனது. 'இந்த நம்பர் முன்னாடியே வந்துவிட்டது' என்று பதில் வந்தது. பணம் ஒரு முறைதான் போயிருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, "இந்த ஆறு கட்டச் சீட்டு யோசனை எந்தப் புத்தகத்துல இருந்து?" என்று கேட்டார்.

அவள் புத்தகத்தின் பெயர் எதுவும் சொல்லவில்லை. "விருத்தாசலம் சார்" என்றாள்.

பட்டறையில் அந்தச் சீட்டுகள் இன்னும் இருக்கின்றன. ஆறு கட்டங்கள் இப்போது ஏழு. 'காய்ந்தது' என்பதற்கும் 'சூளை' என்பதற்கும் நடுவில் புதிதாக ஒன்று, அப்பாவின் கையெழுத்தில்: 'கன்னம் பார்த்தாச்சு'.